மலையடிவாரத்தில் ராஸ்பெரி

திருமலைக்கு நடந்து ஏறுவோர் முதற்படியில் கால் வைக்கும் இடம் அலிபிரி. மலையடியில் நின்ற ஒரு புளியமரத்தால் அடிப்புளி என்று பெயர் பெற்ற இடமே நாளடைவில் அலிபிரி எனத் திரிந்தது என்று வைணவப் பெரியோர் கூறுவர். சொல்லாராய்ச்சி வல்லவர்கள் இதனை ஏற்பார்களோ மாட்டார்களோ, தோட்டம் போட விரும்புவோருக்கு இப்பெயர் ஒரு நல்ல குறிப்பைத் தருகிறது. புளி வெயிலுக்கும் வறட்சிக்கும் அஞ்சாத மரம். அது பேர் சொல்ல நிற்கும் நிலத்தின் சீதோஷ்ணம் எத்தகையது என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய இடத்தில் வீடு கட்டிக்கொண்டு, கொல்லைப்புறத்தில் ராஸ்பெரி வைக்கலாமா என்று கேட்கும் அன்பர்கள் இப்பொழுது பலர். செக்கச் சிவந்த பழத்தின் படம் அச்சிட்ட பொட்டலங்களில் விதை விற்கிறது. ஒரு சாண் உயரச் செடி, பெட்டியில் அடைபட்டு, வீட்டு வாயிலுக்கே வந்து சேருகிறது. வாங்கியவர் இரண்டு கோடைகள் குடிநீரைப் பகிர்ந்து வார்க்கிறார். செடியோ முதல் வைகாசியிலேயே இலை கருகி, இரண்டாவது வைகாசியில் வேரோடு மாண்டு போகிறது. தண்ணீரை அளந்து செலவிட வேண்டிய ஊரில் இது சிறு நஷ்டம் அன்று. அதனினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. தம் கை ராசியில்லாத கை என்று முடிவு கட்டி, அவர் தோட்ட வேலையையே விட்டுவிடுகிறார். குற்றம் அவர் கையில் இல்லை. ஐரோப்பிய ராஸ்பெரி அலிபிரியில் பழுக்காது. அது ஏன், எவ்விடத்தில் பழுக்கும், அதன்மேல் ஆசை வைத்த அடிவாரத்து அன்பர் அதற்கு ஈடாக எதனை வளர்க்கலாம் என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

ராஸ்பெரி ரோஜாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. முள்ளைப் பார்த்தாலே உறவு விளங்கும். தாவரங்களுக்குப் பெயரிட்டு முறைப்படுத்திய லின்னேயஸ் என்னும் அறிஞர் 1753-இல் இதற்கு ஐடா என்ற மலையின் பெயரையும் சேர்த்து 'ரூபஸ் ஐடேயஸ்' என்று பெயர் வைத்தார். ஆகவே பெயரிலேயே இது மலைச் செடி. ஆனால் அந்த மலை வேறு, நம் மலை வேறு.

பழம் என்று நாம் சொல்லுவது உண்மையில் ஒரு பழம் அன்று. ஒவ்வொன்றும் ஒரு விதையைக் கொண்ட சிறு மணிகள், ஏறத்தாழ நூறு, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கொத்து அது. பழுத்ததைத் தொட்டு இழுத்தால் நடுவிலுள்ள வெண்மையான தண்டு செடியிலேயே நின்றுவிடும்; பழம் மட்டும் விரல் நுனியில் மாட்டத்தக்க குல்லாய்போல் கழன்று வரும். அதன் உறவான பிளாக்பெரியோ நடுத்தண்டோடு சேர்ந்தே ஒடிந்து வரும். உள்ளே கூடாக இருப்பதால் ராஸ்பெரி எளிதில் நசுங்கும். பறித்த பின் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நிற்காது. கடையில் வாங்குவதைக் காட்டிலும் வீட்டில் வளர்த்துப் பறித்துத் தின்பதே சிறப்பு என்று குளிர்நாட்டார் இதனைக் கொல்லைதோறும் வைத்ததன் காரணம் இதுவே.

இச்செடியின் வாழ்க்கை முறையை அறியாமல் அதனைப் பேண இயலாது. வேர் பல்லாண்டு வாழும். தண்டோ இரண்டே ஆண்டுகள் வாழும். முதலாண்டில் வேரிலிருந்து கிளம்பும் தண்டு பச்சையாக உயர்ந்து இலை விடும், பூக்காது. குளிர்காலம் கழிந்து இரண்டாம் ஆண்டில் அதே தண்டு பழுப்பு நிறமடைந்து, பூத்து, காய்த்து, பழுத்து, மடியும். இவ்விரண்டு நிலைத் தண்டுகளுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிப் பெயர்கள் வழங்குகின்றன. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவனாகிய எனக்கு அவற்றுக்கு நேராகக் கலைச்சொல் புனையும் ஆசை எழாமலில்லை. ஆயினும், வாழை வைத்தவருக்குப் புதுச்சொல் எதற்கு? தாய் வாழை குலை ஈன்று சாய, பக்கக் கன்று அடுத்த முறைக்குக் காத்து நிற்பதை நாம் அறிவோம். ராஸ்பெரியிலும் தாய்த் தண்டு ஒன்று, கன்றுத் தண்டு ஒன்று. வாழையில் இரண்டுக்கும் நடுவே வேறொன்றும் குறுக்கிடுவதில்லை. ராஸ்பெரியில் ஒரு குளிர்காலம் குறுக்கிடுகிறது. அலிபிரிக்கு இல்லாதது அந்தக் குளிர்காலமே.

குளிர்நாட்டில் இலையுதிர் காலம் முடிந்ததும் ராஸ்பெரி உறக்கத்தில் ஆழ்கிறது. தை மாதத்தில் நான்கு நாள் இளவெயில் அடித்துவிட்டால் வசந்தம் வந்ததென்று மயங்கி மொட்டவிழ்ந்து, ஐந்தாம் நாள் பனியில் கருகிப் போகாதிருக்க, இயற்கை அதற்கு ஒரு கணக்கைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. சென்டிகிரேடு அளவில் ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிர் எத்தனை மணி நேரம் நிலவிற்று என்று செடி எண்ணிக்கொண்டே இருக்கும். வகைக்குத் தக்கபடி 800 முதல் 1,600 மணி நேரம் நிறைந்தாலன்றி மொட்டுகள் முறையாக விழிப்பதில்லை. கணக்கு நிறையாத செடி சாவதில்லை. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர்க்கும், பூக்க வேண்டிய கணுக்கள் குருடாகவே நின்றுவிடும்.

இப்போது நம் ஊரை நோக்குவோம். திருப்பதி நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி இரவுகளிலும் அங்கே வெப்பம் 15 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. 7 பாகை என்பது அவ்வூர் அறியாத குளிர். மேலே ஏறினால் என்ன என்று கேட்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகை குறையும் என்பது பொது விதி. திருமலை ஏறத்தாழ 850 மீட்டர் உயரம். மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறிக் கடந்தாலும் நமக்குக் கிட்டும் குளிர்ச்சி நாலைந்து பாகையே. பக்தருக்கு அது போதும், ராஸ்பெரிக்குப் போதாது. மதனப்பள்ளியை அடுத்த ஹார்ஸ்லி மலை 1,200 மீட்டரைத் தாண்டியது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் கோடை வாசத்துக்கென வீடு கட்டிக்கொண்ட இடம். அங்கும் நூற்றுக்கணக்கான மணி நேரம் 7 பாகைக்குக் கீழே நிற்கும் குளிர் இல்லை.

இதற்கு விற்பனையாளர் ஒரு மறுமொழி வைத்திருப்பார். குளிரை மிகுதியாக வேண்டாத வகைகள் உண்டே என்பார். உண்மைதான். முதலாண்டுத் தண்டின் நுனியிலேயே காய்க்கும் வகைகள் இருக்கின்றன. நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஆராய்ச்சி நிலையத்தார் 1969-இல் வெளியிட்ட 'ஹெரிட்டேஜ்' அவற்றுள் பேர்பெற்றது. ஆனால் குளிரின் கடனை ஓரளவு மன்னித்தாலும் இவ்வகைகள் வெப்பத்தை மன்னிப்பதில்லை. இருபதிலிருந்து இருபத்தைந்து பாகை வரையிலான இதமான பகற்பொழுதே ராஸ்பெரிக்கு உகந்தது. முப்பதைக் கடந்தால் அது தளரத் தொடங்கும். நாற்பதில் தன் உயிரைக் காத்துக்கொள்வதே அதற்குப் பெரும்பாடு. அலிபிரியின் சித்திரை வைகாசி வெயில் நாற்பதைக் கடப்பது ஆண்டுதோறும் காணும் காட்சி. ஐரோப்பாவில் பெருந்தோட்டக்காரர்கள் சிலர், வளர்ந்த தண்டுகளைக் குளிர்பதன அறைகளில் உறைநிலையை ஒட்டி வைத்திருந்து, குளிர்க்கணக்கு நிறைந்தபின் நட்டுப் பயன் கொள்கிறார்கள். அது வணிகம். வீட்டுக் குளிர்பெட்டியில் கீரைக்கும் தயிருக்கும் நடுவே ராஸ்பெரித் தண்டை உறங்க வைப்பது இல்லத்தரசியாரின் பொறுமையைச் சோதிக்குமேயன்றிப் பழம் தராது.

விதைப் பொட்டலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஸ்பெரி விதையின் தோல் கெட்டியானது. ஈரத்தில் பல வாரங்கள் குளிர்ச்சி பெற்றாலன்றி எளிதில் முளைப்பதில்லை. முளைத்தாலும் தாயின் குணம் அப்படியே வருமென்ற உறுதி இல்லை. எனவே விதை வாங்குவது எவ்விடத்தாருக்கும் ஏற்றதன்று.

உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அங்கு வாழும் அன்பர்களுக்கு என் விடை வேறு. பனி பெய்யும் தை மாத இரவுகள் அவர்களுக்கு உண்டு. ஆதலின் துணிந்து முயலலாம். அவர்களுக்கு வெப்பத்தைவிடப் பெரிய பகை மழைநீர். ராஸ்பெரியின் வேர் மேலோட்டமானது. நீர் தேங்கிய மண்ணில் ஒரு வாரம் நின்றால் அழுகல் நோய் கண்டுவிடும். ஒரு முழம் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, மக்கிய எருவைக் கலந்து, பாத்திக்குள் இரண்டடிக்கு ஒரு செடியாக நட வேண்டும். நாற்றங்காலில் எவ்வளவு ஆழம் இருந்ததோ அதற்கு மேல் புதைத்தல் ஆகாது. சற்றே புளிப்புத்தன்மையுள்ள மண் இதற்கு இசைவானது. நீலகிரியில் அது தானே அமைந்திருக்கிறது. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவை அண்மையில் விளைந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும்; அவற்றின் வாடல் நோய்க் காளான் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கி ராஸ்பெரியையும் பற்றும். உருளைக்கிழங்கு நாடாகிய உதகையில் இந்த எச்சரிக்கை ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது.

தண்டுகளைத் தாங்க இரு முளைகளுக்கிடையே கம்பி கட்டுதல் நலம். களையெடுக்கும்போது ஆழக் கொத்தாமல், உலர்ந்த இலைகளைப் பரப்பிக் களையை அடக்குவதே வேருக்குப் பாதுகாப்பு. கவாத்துச் செய்வதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வாழையை நினைவில் வைத்துக்கொண்டால் தடுமாற்றம் இல்லை. பழம் கொடுத்து ஓய்ந்த பழுப்புத் தண்டை மண்மட்டத்துக்கு வெட்டி எறிய வேண்டும். பச்சைக் கன்றுத் தண்டுகளில் திடமான நான்கைந்தை மட்டும் தூருக்கு விட்டு ஏனையவற்றைக் களைய வேண்டும். பச்சையாக இருப்பதெல்லாம் வீண் வளர்ச்சி என்று எண்ணி அவற்றை வெட்டிவிடுவோர் அடுத்த ஆண்டின் பழத்தை வெட்டியவர் ஆவர். முதலாண்டிலேயே காய்க்கும் வகையாயின் வேலை இன்னும் எளிது. குளிர்காலத்தின் இறுதியில் எல்லாத் தண்டுகளையும் ஒருசேர மண்ணோடு அறுத்துவிடலாம். புதுத் தண்டு எழுந்து அவ்வாண்டே காய்க்கும்.

மேலைநாட்டு ராஸ்பெரியைத் தேடிப் போகும் நாம், இந்நாட்டிலேயே அதன் உடன்பிறப்புகள் வேலியோரத்தில் நிற்பதைக் கவனிப்பதில்லை. குமாவோன் மலைகளில் 'ஹிசாலு' என்று சிறுவர்கள் பறித்துத் தின்னும் மஞ்சள் ராஸ்பெரி நீலகிரியிலும் பழனி மலைகளிலும் தானே விளைகிறது. மற்றொன்று, தண்டெங்கும் வெண்பொடி பூசினாற்போல் தோன்றுவது. பழம் முதலில் சிவந்து, பின் கறுத்த ஊதாவாகும். 'ரூபஸ் நிவேயஸ்' என்பது அதன் நூற்பெயர். நிவேயஸ் என்றால் பனிபோல் வெண்மையானது. உலகம் அதனை மைசூர் ராஸ்பெரி என்று அழைக்கிறது. மைசூரில் இப்பெயரைக் கேட்டால் எத்தனை பேர் அறிவர் என்பது ஐயமே. ஆனால் அமெரிக்காவின் தென் ஃபிளாரிடாவில், கடல் மட்டத்தை ஒட்டிய வீட்டுத் தோட்டங்களில், ஏனைய ராஸ்பெரிகள் தோற்ற இடத்தில் இது காய்க்கிறது. குளிர்க்கணக்கு இதற்கு வேண்டுவதில்லை.

அப்படியானால் அலிபிரியிலும் காய்க்குமன்றோ என்று அன்பர்கள் மகிழ்வதற்கு முன் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். ஃபிளாரிடாவில் வெயில் மிகுந்த மாதங்களே மழை மிகுந்த மாதங்கள். வெப்பமும் 33 பாகை அளவில் நின்றுவிடும். அலிபிரியிலோ ஏப்ரல் முதல் ஜூன் வரை வெப்பமும் வறட்சியும் கைகோத்து வருகின்றன. தாராள மழைக்கு அக்டோபர், நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். ஆதலால் அடிவாரத்தில் ராஸ்பெரி வைத்தே தீருவேன் என்பவர் இந்த ஒரு வகையை மட்டும், பெரிய தொட்டியில், வீட்டின் கீழ்ப்புறத்தில், காலை வெயில் பட்டு மாலை வெயில் படாதபடி வைத்துப் பார்க்கலாம். ஐப்பசி மழையோடு நட்டு, கோடை மூன்று மாதமும் நிழலும் ஈரமும் குறையாமல் காக்க வேண்டும். இதனைச் சோதனையாகக் கொள்ள வேண்டுமேயன்றிப் பயிராகக் கொள்ளலாகாது. மலைவாசிகளுக்கும் ஓர் எச்சரிக்கை. தொலைவிலுள்ள காலபகோஸ் தீவுகளில் இச்செடியைக் கொண்டுபோய் வைத்தார்கள். பறவைகள் விதையைப் பரப்ப, அது அத்தீவுகளின் சொந்தக் காட்டையே மூடி வருகிறது. ஹவாய்த் தீவில் மஞ்சள் ராஸ்பெரி செய்த கேடும் இத்தகையதே. நம் மலைகளில் இவை அயலார் அல்ல. எனினும் தோட்டத்தில் வைத்தவர் தண்டு நுனி மண்ணைத் தொட்டு வேர்விடாதபடி ஆண்டுதோறும் அடக்கி வைப்பது கடமை.

முள்ளுள்ள புதர், கறுத்துப் பழுக்கும் சிறு பழம், புளிப்பும் இனிப்பும் கலந்த சுவை, பாகு காய்ச்ச ஏற்ற தன்மை ஆகிய இவ்வளவும் ஒருங்கே அமைந்த செடி சேஷாசலத்தின் அடிவாரத்துக்கே உரியதாக ஒன்று உண்டு. அது களா. குலத்தால் ராஸ்பெரிக்கு உறவில்லை, அரளியின் குடும்பம். பயனால் மட்டுமே ஈடு. பலாக்காயையும் களாக்காயையும் ஒப்பிட்டு, எட்டாததைவிடக் கைக்கு எட்டியது மேல் என்று நம்மவர் பழமொழி சொல்லுவதில் களாவுக்குச் சற்றே இழிவு தொனிக்கிறது. அந்த இழிவுக்கு அது உரியதன்று.

தோட்டத்தில் வளரும் பெரிய களாவைத் தெலுங்கர் வாக்காய என்பர். காட்டில் வளரும் சிறுகளாவுக்குக் கலிவி என்று பெயர். கடப்பைப் பகுதியின் முட்காட்டில் வாழும் ஓர் அரிய பறவைக்குக் கலிவிக்கோடி, அதாவது களாக்கோழி, என்றே பெயர். அது அடியோடு அழிந்ததென்று உலகம் முடிவு கட்டியிருக்க, 1986-இல் மீண்டும் கண்டார்கள். கலிவிப் புதரின் பெருமைக்கு இது போதாதா?

2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து இப்போது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துள்ள அலிபிரியைச் சூழ்ந்த மலை, வேங்கடேசுவர தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட பாதுகாக்கப்பட்ட காடு. அங்கிருந்து செடி பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். நாற்றுப் பண்ணைகளில் வாங்கலாம். அல்லது சந்தையில் நன்கு கறுத்த பழத்தை வாங்கி விதை எடுக்கலாம். பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா என்பவையும், தாபோலியில் தேர்ந்த கொங்கண் போல்டு என்பதும் நற்பெயர் பெற்றவை. களா விதையின் முளைப்புத்திறன் விரைவில் கெடும். ஆகவே பழத்திலிருந்து எடுத்த சூட்டோடு விதைத்துவிட வேண்டும். நாற்று மிக மெதுவாகவே வளரும். ஓராண்டுக்குப் பின், மழை தொடங்கியதும், ஒன்றரை அடிக் குழியில் எருவிட்டு நடலாம். தனிச் செடியாயின் ஆறடி முதல் எட்டடி இடைவெளி வேண்டும். வேலியாக வைப்பதாயின் இரண்டு அடியே போதும்.

முதல் இரண்டு கோடைகளில் வாரத்துக்கு ஒரு முறை நீர் வார்த்தால் போதுமானது. பின்னர் அதுவே தன்னைப் பார்த்துக்கொள்ளும். ராஸ்பெரிக்குச் சாவாக அமையும் கற்பாங்கான செம்மண்ணும் வெயிலும் இதற்கு வாழ்வு. மூன்றாம் ஆண்டில் பூக்கத் தொடங்கும். மல்லிகையை ஒத்த வெண்ணிறப் பூ, மணமுடையது. மாசி பங்குனியில் பூத்தது ஆனியில் காயாகி, ஆடி ஆவணியில் கறுக்கும். கவாத்து மிகுதியாக வேண்டாம்; உள்ளே பின்னிக்கொண்ட கிளைகளையும் உலர்ந்தவற்றையும் அகற்றினால் போதும். முள் கவடு பட்டு விறைப்பாக இருக்கும். குழந்தைகள் ஓடியாடும் வழியோரத்தில் வைக்காமல் மதிற்புறத்தில் வைத்தால் ஆடும் நுழையாது, அயலாரும் நுழையார்.

காயைக் கிள்ளினால் வெண்பால் வடிந்து விரலில் பிசினாக ஒட்டும். உப்பு நீரில் அரைமணி நேரம் ஊறப் போட்டால் பால் நீங்கும். பச்சைக் காய் ஊறுகாய்க்கும், ஆந்திரர் விரும்பும் வாக்காய்ப் பப்புக்கும், புளிக்குப் பதிலாகச் சித்திரான்னத்துக்கும் ஆகும். ரொட்டிக் கடைகளில் கேக்கின் மேல் சிவப்பாக வீற்றிருக்கும் 'செர்ரி' பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காயே என்பதை அறிந்தால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதன்மேல் மதிப்புக் கூடும். பாகு காய்ச்ச விரும்புவோர் முழுவதும் பழுக்கும்வரை காத்திருத்தல் வேண்டா. உறையச் செய்யும் பொருள் செங்காயில்தான் மிகுதி. செங்காய் மூன்று பங்குக்குப் பழம் ஒரு பங்கு சேர்த்து, மூழ்கும் அளவு நீரில் வேகவைத்து, பிசையாமல் மெல்லிய துணியில் தானே வடியவிட்டு, வடிந்த சாற்றின் அளவுக்குச் சர்க்கரை கூட்டி, கரண்டியிலிருந்து துளியாக விழாமல் தகடாக வழியும் பதத்தில் இறக்க வேண்டும். மறுநாள் காலையில் புட்டியில் மாணிக்கச் சிவப்பாக உறைந்திருக்கும். ரொட்டிக்குத் தடவிக்கொள்ளலாம், தோசைக்கும் ஒவ்வாததன்று.